குழாயில் மிஞ்சிய மருந்து

தோட்டா அடைக்கும் பிரஸ்ஸின் குழாயில் மிஞ்சிய வெடிமருந்தைப் புட்டிக்குள் திருப்பி ஊற்றும்போதுதான் அவர் பார்த்தார்.

சின்னஞ்சிறு தகடுகளாக விழுந்தது.

குச்சி குச்சியாக விழுந்திருக்க வேண்டும்.

நேற்று மாலை இதே பிரஸ்ஸில் முதலில் கைத்துப்பாக்கிக்கு ரவை செய்தார். பிறகு மகள் சாருகாவின் நீளத் துப்பாக்கிக்காக எல்லாவற்றையும் மாற்றினார். அச்சுகளைக் கழற்றி வேறு அச்சுகளைப் பூட்டினார். வெற்றுத் தோட்டாக் கோதுகள் நிற்கும் தட்டை மாற்றினார். செய்து முடித்த ரவையின் நீளத்தை இரண்டு தரம் அளந்தார்.

மருந்தை மாற்றினாரா?

மாற்றியதாகத்தான் நினைவு.

அலுமாரியைத் திறந்தார். குச்சி மருந்துப் புட்டி அங்கேயே இருந்தது. மூடிக்கு மேல் ஒட்டியிருந்த காகிதம் கிழியவில்லை.

தகடு மருந்து சட்டென்று எரியும். சின்னக் கோதில் கொஞ்சம் போட்டால் சரி. பெரிய கோதில் நிரப்பிச் சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும். சாருகாவின் வலது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. துப்பாக்கிக் கட்டையை அந்த இடத்தில்தான் ஒட்டிப் பிடிப்பாள்.

ஐம்பது ரவை. காலை எட்டரைக்கு அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது ஒன்பதேகால்.

அவளுடைய தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. சுடுகிற இடத்துக்கு அவள் அதைக் கொண்டுபோவதில்லை. காருக்குள் வைத்துவிடுவாள். துப்பாக்கிச் சங்கத்தின் இலக்கத்துக்கு எடுத்தார். பதிவு செய்த குரல் ஒன்று, அழைத்ததற்கு நன்றி சொன்னது.

மனைவி தவமலர் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். சாருகா ஒரு சாமானை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றார். மனைவி அவருடைய கால்களைப் பார்த்தாள். வீட்டுச் செருப்பு. வெளியே ஏப்ரல் மாதப் பனி உருகிச் சேறாகக் கிடந்தது.

அவர் நிற்கவில்லை.

எட்மன்ரனுக்கு வெளியே இருபது நிமிடக் கார் ஓட்டம். இரண்டு பக்கமும் வெறும் வயல். பாதி வழியில், தான் சத்தமாக எண்ணிக்கொண்டு வருவது அவருக்கே கேட்டது. அவள் போய்ச் சேர இருபது நிமிடம். பாய் விரிக்கப் பத்து நிமிடம். இலக்கை மாட்ட ஐந்து.

எப்படிக் கூட்டினாலும் அவள் சுடத் தொடங்கியிருப்பாள்.

கார்க் கதவைத் திறந்ததுமே வெடிச் சத்தம் கேட்டது. அப்படியே நின்றார்.

சரியான வெடி. யாரும் அலறவில்லை.

மறுபடி ஒன்று. அதுவும் சரியான வெடி. ஒவ்வொன்றுக்கும் பிறகு மூச்சு வந்தது. அடுத்தது வரும்வரை.

அவள் ஏழாவது வரிசையில் குப்புறப் படுத்திருந்தாள். காதில் மூடி. கன்னம் கட்டையில்.

கத்தினார். காது மூடியோடு அவளுக்குக் கேட்கவில்லை.

சிவப்பு மேலங்கி போட்ட மேற்பார்வையாளரின் கையைப் பிடித்து இழுத்தார். ஆங்கிலம் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. ஏழாவது வரிசையைக் காட்டினார். அந்த மனிதர் அவருடைய முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் விசிலை ஊதினார்.

எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள்.

சாருகா எழுந்து வந்தாள். செருப்பையும் சேற்றையும் பார்த்தாள்.

"அந்த ரவையைச் சுடாதே பிள்ளை."

"நான் சுடேல்லை அப்பா."

அவளுடைய பாயைச் சுற்றி வெற்றுக் கோதுகள் கிடந்தன. ஒரு இருபது இருக்கும். அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் முழங்கையைப் பிடித்து அவரைத் தன் காரடிக்குக் கூட்டிப்போனாள். பின்பெட்டியைத் திறந்து ஒரு போர்வையை விலக்கினாள்.

ஏழு பெட்டிகள். எல்லாவற்றிலும் அவருடைய கையெழுத்து. நேற்றைய பெட்டி மேலே இருந்தது. ஒன்றும் உடைக்கப்படவில்லை.

பெப்ரவரியில் அவர் செய்த ரவை ஒன்று கையில் பாரமில்லாமல் இருந்ததாம். ஆட்டினாளாம், சத்தம் இல்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே மருந்தே இல்லை. அன்றிலிருந்து கடையில் வாங்கித்தான் சுடுகிறாள். சொல்ல மனம் வரவில்லை என்றாள். வீட்டுக்கு வந்ததும் இன்றைக்கு எப்படி என்று அவர் கேட்பார். நல்லது அப்பா என்பாள். அவர் அன்றிரவு இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிடுவார்.

அவர் காரின் விளிம்பில் உட்கார்ந்தார். கால்கள் நனைந்து விறைத்திருந்தன. அவள் முழுசாக முன்னால் நின்றாள். மச்சமும் இருந்தது. அவருக்கு அழுகை வந்தது. அவளுக்கும் வந்தது. தன் கையுறையால் அவருடைய முகத்தைத் துடைத்தாள்.

துடைத்த கை நடுவில் நின்றது.

"அப்பா, வேற ஆருக்கும் செய்து குடுத்தனீங்களோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

ஒரு பெட்டி. அதை வாங்கிய ஒரு கை. நன்றியாக முதுகில் ஒரு தட்டு. போன கிழமையாக இருக்கலாம். இந்தக் கார் நிற்குமிடத்திலேதான் போலவும் இருந்தது.

முகத்தைத் தேடினார். வரவில்லை.

"தெரியேல்லை," என்றார்.

உள்ளே, மறுபடி சுடலாம் என்று விசில் ஒலித்தது.

சாருகா அதற்குள் சுடும் வரிசைகளை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தாள்.