ஆண் துணை

2019 நவம்பர் 12 காலை, கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் தனியாக வசித்த பரிமளத்தின் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் ஏறியிருந்தது. தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்ற வேண்டும். மோட்டார் நனைந்தால் பிழைப்பு போய்விடும். தெருவில், டை கட்டி, பேண்ட்டைச் சுருட்டிவிட்டபடி மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியர்கள் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

"தம்பி, உள்ள வந்து ஒரு கை புடிங்க!"

"வீட்ல ஆம்பள யாராவது இருக்காங்களா அக்கா?" என்றான் தெலுங்குக்காரனான பிரசாத். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் அவர்கள் போகக்கூடாது, சபையின் விதி.

"இருந்தா உங்கள ஏன் கூப்புடறனுங்க?"

அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஹான்சனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு காலைப் படியில் வைத்தான். பிரசாத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டான். மோட்டாருக்கு நான்கு விரல் கீழே தண்ணீர் நின்றது.

பரிமளம் மதில் பக்கம் போனாள். அந்தப்பக்கம் அவள் கணவனின் தம்பி வேலுச்சாமி வீடு. பாகம் பிரித்ததிலிருந்து ஏழு வருடமாகப் பேச்சில்லை.

"ஏனுங் கொழுந்தனாரே, வந்து சும்மா நில்லுங்க. நீங்க நின்னாத்தான் இவிங்க உள்ள வருவாங்களாமா."

வேலுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"நிக்கறதுக்கு நானு, தூக்கறதுக்கு இவிங்களா? நவுருங்க தம்பி."

ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தைப் பரிமளம் பிடித்தாள். ஊழியர்கள் உள்ளே வந்தபோது மெஷின் கட்டில்மேல் இருந்தது.