ஈரம் பட்ட கேசட்

பழைய ராக் பாட்டொன்றின் லீட் கிட்டார் டோனை அச்சு அசலாகக் கொண்டுவர எட்மண்ட் பதினோரு வருஷமாக மல்லுக்கட்டினான். கரகரப்பு வரட்டுமென்று ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறிக்கூடப் பார்த்தாயிற்று. போனில் அதே பாட்டைப் போட்டால் காதைப் பொத்திக்கொள்வான்.

"அது செத்த சத்தம்டா. கேசட்லதான் உசிரு இருக்கு."

அந்தக் கேசட்டைக் கொடுத்தவன் அவனோடு பேஸ் கிட்டார் வாசிக்கும் குமரவேல். துணி ஊறிய வாளியில் விழுந்து, மொட்டைமாடி வெயிலில் காய்ந்த கேசட். இந்த மண்டைக்கனம் பிடித்தவனிடம் அதைச் சொல்வானேன் என்று அவன் வாயே திறக்கவில்லை.

இன்று எட்மண்ட் கம்பியை இழுத்தான். கேசட்டில் இருந்த அதே கரகரப்பு, அதே தள்ளாட்டம்.

"வந்துடுச்சுடா!" தேம்பித் தேம்பி அழுதான்.

குமரவேல் கேசட்டைத் திருப்பிப் போட்டான்.

"இந்தப் பக்கம் இன்னும் நாலு பாட்டு இருக்கு மச்சான்."