மாடு நிற்கும் இடம்

"குடிக்கலன்னு எத்தனை தடவைதான் சொல்றது, நான்..."

"குடிக்கலன்னா அந்த ரெண்டு மணி நேரம் எங்க போச்சு? அதைச் சொல்லுங்க மொதல்ல!"

"சொல்ல வுட்டாத்தானே சொல்றதுக்கு, நீ பாட்டுக்கு..."

"போன சந்தைக்குக் கடையாணி கழண்டுபோச்சு. அதுக்கு முந்தின சந்தைக்கு மாட்டுக்கு லாடம் போச்சு. இன்னைக்கு நான் கூட வந்திருக்கேன், ஒண்ணும் கழறலையே, ஏன்?"

பாப்பாரப்பட்டிச் சந்தையில் கடலை மூட்டைகளை இறக்கிவிட்டு, வெறும் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள் மாதையனும் கண்ணம்மாளும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் சந்தைக்கு வண்டியேறி வந்தது இதுதான் முதல் தடவை. வேவு பார்க்கத்தான் வந்தாள். அதை அவள் மறைக்கவும் இல்லை.

அவள் பட்ட பாடு அப்படி. மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு வீட்டில் மிச்சம் இவர் ஒருவர்தான். சர்க்காரே சாராயக்கடையைத் திறந்துவிட்ட வருஷம் மாதையன் குடிக்கப் பழகினார். அடுத்த பங்குனியில் அவரைத் தீர்த்தமலைக்கு இழுத்துக்கொண்டு போய், கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். ஒரு மண்டலம் விடாமல் செய்தால் எந்த நல்ல பழக்கமும் ஒட்டிக்கொள்ளும் என்று மாதர் சங்கத்தில் கிராம சேவிகா சொன்னதைக் கேட்டு, நாற்பத்தெட்டு நாளும் சுவரில் கரிக்கோடு போட்டாள். விடிந்ததும் குளியல், நெற்றி நிறையத் திருநீறு, பொழுது சாயும்போது கை சும்மா இருக்கக் கூடாதென்று கயிறு திரிக்கிற வேலை. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சந்தை நாள் ஒன்றுதான் இடித்தது. மத்தியானம் வரவேண்டிய வண்டி சாயங்காலம்தான் வந்தது.

"வூட்டு வாசப்படி ஏறும்போதே ஊதுன்னு சொல்றே, நானும் ஊதறேன். ஒரு நாளாவது நாத்தம் வந்துச்சா?"

"வெத்தலை வாசம் வந்துச்சு. அரைக் கவுளியை வாயில அதக்கிட்டு வந்தா வேற என்ன வரும்?"

"ஏ புள்ள, எம்மேல நம்பிக்கையே இல்லையா உனக்கு?"

"உங்க மேல இல்ல. மாட்டு மேல இருக்குது."

சொன்னவள், அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கித் தனக்கடியில் போட்டு, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

"மாட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வாரா வாரம் எங்க நிக்குமோ அங்கதான் இன்னைக்கும் நிக்கும். கடை வாசல்ல நின்னுச்சு, இப்படியே எறங்கி அரூர் பஸ் ஏறி எங்கண்ணன் வூட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீங்களாச்சு, உங்க சாராயமாச்சு!"

மாதையன் முகம் வெளுத்தது. "வேணாம் புள்ள. எதுக்க லாரி வரும்."

"வரட்டும்."

புளியமரத்து வளைவில் கடை தெரிந்தது. வாசலில் நாலைந்து பேர் குந்தியிருந்தார்கள். இடப்பக்கத்து மாடு தலையைத் திருப்பியது. கண்ணம்மாள் இறங்கத் தோதாக ஒரு காலை வண்டிக்கு வெளியே தொங்கவிட்டாள். மாடு ஒரு தும்மல் போட்டது, வாலால் ஈயை விரட்டியது, நடையைக் கொஞ்சமும் குறைக்காமல் போய்க்கொண்டே இருந்தது.

குந்தியிருந்தவர்களில் ஒருவன் சிரித்தான். "என்ன மாதையண்ணே, டிரைவரை மாத்திட்டீங்களா? ஒம்பது மாசமா நம்ம கடைப் பக்கமே எட்டிப் பாக்கலையே!"

"கேட்டுக்கிட்டியா?" என்றார் மாதையன். "இப்பவாவது கயித்தைக் குடு."

முகத்தில் ஜெயித்த களை இல்லை. துண்டால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். கண்ணம்மாள் அதைப் பார்த்தாள்.

"கடையைத் தாண்டியாச்சு, இன்னும் ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?"

"வெயிலு."

"மார்கழி மாசத்துல வெயிலா? வூடு போய்ச் சேர்ற வரைக்கும் கயிறு எங்கிட்டத்தான் இருக்கும்."

அரை மைல்கூடப் போயிருக்காது. யாரும் சொல்லாமலே மாடுகள் இரண்டும் ரோட்டை விட்டு இடதுபுறம் திரும்பின.

"ஏ... ஏ! இது எங்க போவுது?"

"தெரியலியே. தண்ணிக்காக இருக்கும்."

"தண்ணிதான்! என்ன தண்ணின்னு பாக்கத்தானே போறேன். கடையில குடிச்சா ஊருக்குத் தெரியும்னு, வூட்டுல வச்சுக் காச்சறவங்ககிட்ட வர்றீங்களாக்கும்?"

வண்டி வேதக்காரத் தெருவுக்குள் நுழைந்தது. மாதா கோயிலைத் தாண்டி, கதவு நிலையில் சிலுவை அடித்திருந்த ஒரு சின்ன ஓட்டு வீட்டின் முன்னால் மாடுகள் தாமாகவே நின்றன. அங்கே யாரோ தவிடு கரைத்துத் தயாராக வைத்திருந்த தொட்டியில் உரிமையோடு வாயை வைத்தன.

கண்ணம்மாள் குதித்து இறங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"காச்சற மகராசி யாருன்னு இன்னைக்குப் பாத்துடறேன்."

"கண்ணம்மா, சத்தம் போடாத. உன் கையைக் காலா நெனச்சுக் கேக்கறேன்." மாதையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதை உதறிவிட்டுக் கத்துவதற்கு வாயைத் திறந்தாள் அவள். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து, மூன்று வருஷமாக அவள் காதில் விழாத குரல் ஒன்று வந்தது.

"உள்ள வாப்பா, உம் பேரன் இப்பத்தான் மடியில தூங்கினான், எந்திரிக்க முடியல... ஏம்ப்பா, இந்த வாரமாச்சும் அம்மா எம் பேரை எடுத்துச்சா?"