முன் சீட்டில் என் குரல்

முன் சீட்டில் என் குரல் கேட்டது.

கம்பம் போகும் பஸ் பழனிசெட்டிபட்டியைத் தாண்டியிருந்தது. அனிதா மேரி போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் பெனிட்டா. பின் சீட்டில் நான். போனுக்குள்ளும் நான்.

"ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்ப நெனச்சுக்கங்க. ஓட ஓட அதோட மதிப்பு கொறையும்ல? அதான் தேய்மானம்."

இவ்வளவு கலகலப்பாகப் பேசுகிற பெண் யார் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

நன்றாகப் படிக்கிற மாணவி ஒருத்தி, அரியர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எங்கள் வணிகவியல் துறையில் இந்த வருடம் ஓர் ஏற்பாடு. என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் வெளியே தெரிய வேண்டாம், தெரிந்தால் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்கமாட்டார்கள் என்று சொல்லி அனுசுயா மிஸ் ஒரு புது சிம் தந்தார். அந்த நம்பருக்குக் கேள்வி வரும். நான் பேசிப் பதிவு செய்து அனுப்புவேன். எல்லோருக்கும் நான் அக்கா.

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. முகம் காட்டாவிட்டால் எனக்கும் பேச வரும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அனிதா மேரிதான் அதிகம் கேட்பாள். கணக்கோடு நிற்கமாட்டாள். இந்தப் பேப்பரும் போனால் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்றும் ஒருநாள் எழுதியிருந்தாள். நாளைக் காலையில் அந்தப் பரீட்சை.

"எப்புடிச் சொல்றாக பாரேன்," என்றாள் பெனிட்டாவிடம். "இந்தக்கா மட்டும் நம்ம கிளாஸ்ல இருந்திருந்தா எனக்கு அரியரே விழுந்திருக்காதுடி."

கை நீட்டினால் அவள் தோள். தொட்டு, நான்தான் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. சொன்னால் இன்றோடு கேட்பதை நிறுத்திவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது.

கைக்குள் என் போன் அதிர்ந்தது. அவள்தான். கடைசிக் கணக்கு மட்டும் இன்னும் புரியவில்லை அக்கா, வீட்டுக்குப் போனால் அண்ணன் போனை வாங்கிக்கொள்வான், இப்போதே சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள்.

எழுதி அனுப்பினால் அவள் மண்டையில் ஏறாது. பேசித்தான் ஆக வேண்டும். இங்கே உட்கார்ந்து எப்படிப் பேசுவது?

வீரபாண்டியில் பஸ் நின்றது. நான் இறங்க வேண்டிய உத்தமபாளையம் இன்னும் வெகு தூரம். எழுந்துவிட்டேன்.

அனிதா மேரி நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"இங்கனயா எறங்குற?"

தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கினேன். வாயைத் திறந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

பஸ் கிளம்பியதும் டீக்கடை ஓரமாக ஒதுங்கி நின்று, கணக்கை முதலிலிருந்து நிதானமாகச் சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. புரிந்துவிட்டதாம். நீங்க நல்லா இருக்கணும் அக்கா என்று எழுதியிருந்தாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த பஸ்ஸுக்காக நின்றபோது அழுகையும் வந்தது.

அனிதா மேரியும் நானும் இரண்டு வருடமாக ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். இத்தனை நாளில் அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, இங்கனயா எறங்குற என்பதுதான்.