செல்லம்மா போட்ட கண்டிஷன்

"பிள்ளைய நான் பாத்துக்கிறேன். ராத்திரியும் இங்கயே தங்கிக்கிறேன். ஆனா ஒரு கண்டிஷன்" என்றாள் செல்லம்மா. தகரப் பெட்டியோடு வந்துவிட்டாளே தவிர, அதை இன்னும் வாசற்படிக்கு வெளியிலேதான் வைத்திருந்தாள்.

காளியண்ணனும் ருக்குமணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலைக்கு ஆள் வைப்பவர்கள்தான் கண்டிஷன் போடுவார்கள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

ஆனால் முறைத்துக்கொள்கிற நிலைமையில் அவர்கள் இல்லை. ருக்குமணி, தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் தாதி. அந்த எஸ்டேட்டிலிருந்து தாதிப் படிப்புக்குப் போன முதல் பெண். எழுபத்தைந்தாம் வருஷத்தில் வெள்ளை உடுப்பு போட்டவள். பிரசவ லீவு இன்றோடு முடிகிறது. மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. காளியண்ணன் எஸ்டேட் லோரி டிரைவர். தேயிலையை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினால் இரண்டு நாள் கழித்துத்தான் மேலே வருவான். இரண்டு பக்கமும் பெரியவர்கள் இல்லை. பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டாயை மத்தியானத்தோடு சாத்திவிடுவார்கள். வீட்டோடு தங்க ஆள் கிடைக்காவிட்டால், நாளைக் காலை ராஜினாமாக் கடிதம்தான்.

எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் கேட்காத வீடில்லை. துரை பங்களாவில் எச்சில் தட்டுக் கழுவ முந்திக்கொண்டு ஓடுகிறவர்கள்கூட, "யாரு, கொழுந்து கிள்ளின நாகப்பன் மக வீட்டுக்கா? அவளுக்கு நாங்க வேலைக்காரியா?" என்று மூக்கைச் சுளித்தார்கள். துரைக்குச் செய்தால் கௌரவம், நம்மவளுக்குச் செய்தால் கேவலம். என்ன நியாயமோ!

அதிலும் செல்லம்மா வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. இருபத்தாறு வருஷம் கொழுந்து கிள்ளியவள், போன மாதம்தான் வேலையிலிருந்து நின்றாள். துரை பங்களாவிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டும், "முடியாது" என்று திருப்பி அனுப்பிய ராங்கிக்காரி. கங்காணியே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார்.

"என்ன கண்டிஷன் அத்தை?" என்று கேட்டாள் ருக்குமணி.

"நீ டூட்டிக்கு எப்படிப் போற?"

"இவங்க இருந்தா மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோய் விடுவாங்க. இல்லன்னா ஃபேக்டரிக்குப் பின்னால குறுக்கு வழியில இறங்கி பஸ் பிடிப்பேன்."

"பெரட்டு வழியா ஏன் போறதில்ல?"

காலையில் எல்லாரும் கூடையோடு வரிசையில் நின்று பேர் கொடுக்கிற இடம் பெரட்டுக் களம். தாதி உடுப்போடு அந்தப் பக்கம் போனால் ஒரே கேலியாக இருக்கும். அதற்குப் பயந்துதான் அவள் மூன்று வருஷமாகக் குறுக்கு வழியில் போய்க்கொண்டிருந்தாள்.

"இனிமே பெரட்டு வழியாத்தான் போகணும். நடந்து. வெள்ளை உடுப்போட. மேல ஸ்வெட்டரப் போட்டு மூடக் கூடாது. குளிருச்சுன்னா பஸ் ஸ்டாப்புல போய் போட்டுக்க. சரின்னா சொல்லு, பெட்டிய உள்ள வைக்கிறேன்."

காளியண்ணனுக்குச் சுருக்கென்றது. மனைவியை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"வேலைக்காரி அவளா, நீயா? ஊரே சிரிக்கணும்னு திட்டம் போட்டுத்தான் வந்திருக்கா. வேணாம்லா ருக்கு!"

"வேணாம்னா நான் வேலைய விடணும்ங்க. பெட்டிய வாங்கி உள்ள வைங்க."

மறுநாள் காலை ஆறு மணி. மலையில் பனி இன்னும் விலகவில்லை. ருக்குமணி வெள்ளை உடுப்பில் வெடவெடத்துக்கொண்டு பெரட்டுக் களத்தை நோக்கி நடந்தாள். பின்னால் செல்லம்மா, பிள்ளையைக் கம்பளியில் சுற்றி மார்போடு அணைத்தபடி, சாமி தேருக்குப் பின்னால் வருகிறவள் மாதிரி நிமிர்ந்து வந்தாள்.

பயந்தது போலவே நடந்தது.

"ஏய், மிஸ்ஸி வர்றாங்க! ஊசி போட்டுறப் போறாங்க, வழி விடுங்கடி!"

ஒரே சிரிப்பு. தங்கம்மா என்பவள் கூடையை இறக்கிவிட்டே கேட்டாள். "ஏன் செல்லம்மா, பங்களாவே வேணாம்னவ, இவ வீட்டுல போயி பீத்துணி அலசுறியா?"

"ஆமா, அலசுறேன். காலையில ரெண்டு அலசிட்டுத்தான் வர்றேன்" என்றாள் செல்லம்மா, களம் முழுக்கக் கேட்கும்படி. "யாரு பிள்ளையோடது தெரியுமில்ல? நம்ம லயத்துல பொறந்து டாக்டர் பக்கத்துல நிக்கிறாளே, அவ பிள்ளையோடது."

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் ருக்குமணிக்குத் தாங்கவில்லை. களத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"இப்ப திருப்தியா அத்தை? எல்லாரும் பாத்தாச்சு, சிரிச்சாச்சு."

"அவளுங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாளுங்க. அவளுங்க பாக்கணும்னா உன்னைக் கூட்டியாந்தேன்? கடைசியில பாரு புள்ள."

வரிசையின் கடைசியில் மூன்று பெண்கள் நின்றார்கள். பதினைந்து வயது இருந்தால் அதிகம். முதுகில் புதுக் கூடை. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அன்றைக்குத்தான் பேர் பதிய வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. பேரேட்டோடு நின்ற கிராணி பேர் கேட்டது காதில் விழாமல், மூன்று பேரும் ருக்குமணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லம்மா பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எம் மக சரோஜா வகுப்புல முதலா வந்தவ. பதினாலு வயசுல நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டியாந்து இதே வரிசையில நிறுத்தினேன். அன்னைக்கு இந்த வழியா உன்னை மாதிரி ஒருத்தி நடந்து போயிருந்தா, நிறுத்தியிருப்பேனா?"