ஓடிப்போன ஓட்டு

காலைச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகும் ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது.

"நர்ஸம்மா எங்கே?" என்றார் கொறடா.



அன்று சட்டசபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஒரே ஓட்டு வித்தியாசத்தில்தான் கொறடாவின் கட்சி ஆட்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் யாரையாவது இழுத்துவிடுவார்களோ என்று பயந்து, தன் உறுப்பினர்களை எல்லாம் ஒரு ஓட்டலில் அடைத்து வைத்திருந்தது. பருந்துக்குப் பயந்து குஞ்சுகளைக் கூடையால் மூடுவது போல அவர்களைக் காப்பது கொறடாவின் பொறுப்பு. போன்களைக்கூட வாங்கிப் பூட்டிவிட்டார்.

காவல்காரர் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"விடியக்காலையில சமையல்கட்டுப் பின்வாசல் வழியா ஒரு அம்மா போனாங்க சார். வேலை செய்யறவங்கன்னு நினைச்சு விட்டுட்டேன்."

விஷயம் அதற்குள் கட்சித் தலைவர் காதுக்குப் போய்விட்டது. கொறடாவுக்குப் போன் வந்தது.

"யோவ், அந்த அம்மாவுக்கு சீட்டு குடுங்கன்னு ஒத்தைக் கால்ல நின்னது நீதானே?"

"நான்தான் தலைவரே."

"இப்ப ரெண்டு கால்லயும் நின்னு பதில் சொல்லு." வைத்துவிட்டார்.

உண்மைதான். முன்பு ஒருமுறை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் கொறடா அந்த அம்மாவைப் பார்த்தார். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு மந்திரியையே வார்டு வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினவர் அவர். 'இப்படி ஒரு ஆள் சபையில இருக்கணும்' என்று அன்றே கொறடா முடிவு செய்துவிட்டார். நர்ஸம்மா ஜெயித்து வந்ததில் அவருக்கு அத்தனை பெருமை. போகிற இடமெல்லாம், "நான் கண்டெடுத்த ஆள்" என்பார்.

"அண்ணே, இங்க பாருங்க."

ஒருவர் டி.வி.யைக் காட்டினார். எதிர்க்கட்சித் தலைவர் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு நர்ஸம்மா உள்ளே போவதைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"போச்சு. விலை போயிட்டா."

"ஊசி போடற கைதானே. நமக்கே குத்திட்டா."

முந்தின நாள் சாயங்காலம்தான் நர்ஸம்மா கொறடாவிடம் வந்து, "காலையில ஒரு வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன் அண்ணே. ஒரு நோயாளியைப் பார்க்கணும்" என்று கேட்டிருந்தார்.

"ஓட்டெடுப்பு முடியற வரைக்கும் இந்த ஆட்சிதாம்மா உங்க நோயாளி" என்று சிரித்து அனுப்பிவிட்டார் கொறடா. நோயாளியாம் நோயாளி. இப்போது அந்தச் சிரிப்பை நினைக்கவே அவருக்குக் கூசியது.

சபையில் மணி அடிக்க ஆரம்பித்தது. அடித்து ஓய்ந்தால் கதவை மூடிவிடுவார்கள். கடைசி நேரத்தில் எதிர்க்கட்சித் தலைவர் நிதானமாக நடந்து வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்த அமைதியைப் பார்த்ததும் கொறடாவுக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது.

அவருக்குப் பின்னாலேயே வேறொரு வாசல் வழியாக நர்ஸம்மா மூச்சு வாங்க நுழைந்தார்.

எதிர்க்கட்சி வரிசையில் ஒருவர் இளித்துக்கொண்டே நகர்ந்து இடம் கொடுத்தார். நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. நேராக வந்து தன் இடத்தில், கொறடாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்மேல் மருந்து நெடி அடித்தது.

"ஆட்சியை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம்" என்றார் சபாநாயகர்.

நர்ஸம்மாதான் முதலில் எழுந்தார்.

ஒரே ஓட்டில் ஆட்சி பிழைத்தது. மேஜைகளைத் தட்டுகிற சத்தத்தில் கொறடாவின் கண் கலங்கியதை யாரும் கவனிக்கவில்லை. பெற்ற பெண் மெடல் வாங்கியது போல நெஞ்சு நிமிர்ந்தது அவருக்கு.

வெளியே வராந்தாவில் நர்ஸம்மாவைத் தனியாக நிறுத்தினார்.

"அந்த வீட்டுக்கு எதுக்கும்மா போனீங்க?"

"அவர் சம்சாரம் படுத்த படுக்கையா இருக்காங்கண்ணே. முதுகெல்லாம் புண்ணு. நான் வார்டுல இருந்த காலத்துலேர்ந்து தினம் காலையில போய்க் கட்டு மாத்தறது நான்தான். வேற யாரையும் தொட விடமாட்டாங்க. நம்மளை ஓட்டல்ல அடைச்சு வச்சதுலேர்ந்து மாத்தவே இல்ல. சீழ் வச்சிருக்கும்னு எனக்குத் தெரியும். மனசு கேக்கல."

"யார் வீடுன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

கொறடா யோசித்தார்.

"இன்னொரு பூட்டு சேர்த்துப் போட்டிருப்பேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"அந்த மனுஷன் ஓட்டைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?"

"ஒரு வார்த்தை கேக்கல."

"சரி, எப்படி வந்து சேர்ந்தீங்க? அவங்க ஆளுங்க ரோட்டையே மறிச்சு உட்கார்ந்திருந்தாங்களே. எங்க பஸ்ஸே போலீஸை வச்சுத்தான் உள்ள நுழைஞ்சுது."

"அவர் கார்லதாண்ணே வந்தேன். 'உங்களைத் தனியா அனுப்பினா எங்க ஆளுங்க ஓட்டுப் போட விடமாட்டாங்க'ன்னு சொல்லி, அவரே ஓட்டிக்கிட்டு வந்து சபை வாசல்ல இறக்கிவிட்டார்."