தோற்றவர் காபி போட வேண்டும்

வெள்ளிக்கிழமை தொலைக்காட்சியில் சிரிப்புத் துப்பறிவாளர் தொடர் பாதி ஓடியதும், கொலைகாரன் யாரென்று கணவன் மனைவி இருவரும் சொல்ல வேண்டும். தோற்றவர் காபி போட வேண்டும். ஜெயித்தவர் எழுந்திருக்கக் கூடாது. முப்பது வருடமும் தெய்வநாயகம்தான் போட்டார்.

"நீங்க போலீஸா இருந்தா நானே நாலு கொலை பண்ணியிருப்பேன்" என்பாள் மனைவி விசாலம்.

அவள் இறந்த பிறகு, தனியாகப் பார்ப்பவர் மனம் வாடக் கூடாதென்று அவர் சொல்வதைக் கேட்டுத் தொலைக்காட்சியே கதையை மாற்றிக்கொண்டது. அவர் யாரைச் சொன்னாலும் அவன்தான் கொலைகாரன்.

பழையபடி ஒருமுறையாவது தோற்க வேண்டுமென்று இன்று, "செத்தவன்தான் கொன்னான்" என்றார்.

துப்பறிவாளர் குடை தடுக்கி விழுந்தார். எழுந்து, பிணத்தின் கையில் விலங்கு மாட்டினார்.

"மறுபடி ஜெயிச்சிட்டீங்க ஐயா" என்றது திரை.

தெய்வநாயகம் எழுந்திருக்கவில்லை. காபிக்காக உட்கார்ந்திருந்தார்.